பசுவுக்குப் போய்ச் சேரும் மானியம் எது?



குனோங் ராபாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுண்ணாம்புக் குன்று கண்ணில் படும். சாம் போ தோங், கெக் லோக் தோங் குகைக் கோயில்கள் அந்தக் குன்றுகளுக்குள்தான் இருக்கின்றன. அந்தக் கல்லுக்கும் நீங்கள் காலையில் குடிக்கும் பாலுக்கும் ஓர் உறவு உண்டு, தெரியுமா?

சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 1.2 கிராம் கால்சியம் இருக்கிறது. நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் பசு, 12 கிராம் கால்சியத்தைத் தன் உடலிலிருந்து வெளியேற்றுகிறது. அதை ஈடுகட்டத் தீவனத்தோடு தாது உப்பு கலக்கிறார்கள். அதில் அரைத்த சுண்ணாம்புக் கல் தூளும் சேரும். கால்சியம் கார்பனேட்டின் எடையில் 40 விழுக்காடுதான் கால்சியம். ஆகவே 12 கிராம் கால்சியத்திற்கு 30 கிராம் தூள் தேவை. பசுவின் குடல் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்வதில்லை என்பதால், நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும்.

இங்கே கல் இருக்கிறது, புல் இருக்கிறது, மாடு வளர்க்கத் தெரிந்த குடும்பங்களும் இருக்கின்றன. ஆனால் ஈப்போ வெள்ளைக் காப்பியில் ஊற்றும் டின்பாலின் பின்புலத்தைத் தேடினால், பெரும்பாலும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வந்த பால் மாவில் போய் நிற்போம். உள்ளூர்ப் பாலைப் பெருக்க அரசாங்கம் 1970களிலிருந்தே பணம் செலவிட்டு வருகிறது. பிறகு ஏன் இந்த நிலை? விடையின் பெரும்பகுதி பசுவின் உடலுக்குள் இருக்கிறது. மீதிப் பகுதி நில அலுவலகத்தில் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

தோட்டத்தில் இரண்டு பால்

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகளுக்கு இரண்டு பால் உண்டு. விடியற்காலையில் மரம் சீவிச் சேர்த்தது தோட்ட முதலாளியின் பால். வேலை முடிந்து வந்து லயத்துக்குப் பின்னால் கறந்தது வீட்டுப் பால். சம்பளம் போதாத வீட்டில் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பல நேரங்களில் அந்த இரண்டாவது பால்தான் தாங்கியது.

அந்த மாடுகளை மலேசியக் கால்நடைத் துறையினர் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்ற பெயரில் குறிப்பிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து வந்த மக்களோடு வந்த மாடுகளின் வழித்தோன்றல்கள் அவை. திமில் உண்டு, தொங்கும் அலைதாடி உண்டு, வெயில் தாங்கும், உண்ணிக்கு எளிதில் அசையாது. ரப்பர் மரங்களுக்கு இடையே முளைத்த புல்லைத் தின்றே வாழ்ந்தன. ஆனால் கறப்பது நாளொன்றுக்குச் சில லிட்டர் மட்டுமே.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மக்கள் பட்டண ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது, சிலர் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் அவர்களுக்குக் கிடைத்தவை ஆற்றோரங்களும் பழைய ஈயச் சுரங்க நிலங்களும். ஈயம் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் மணலில் சத்து குறைவு, நீரும் தங்காது. அங்கே நல்ல புல் வளர வேண்டுமானால் சாணமும் உழைப்பும் ஆண்டுக்கணக்கில் சேர வேண்டும்.

அரசாங்கம் என்ன செய்தது?

1970களில் கால்நடை சேவைத் துறை பல மாநிலங்களில் பால் சேகரிப்பு நிலையங்களை அமைத்தது. சிறு வளர்ப்பாளர்கள் கறந்த பாலை அங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். நிலையம் அதைச் சோதித்து, குளிரூட்டி, தொழிற்சாலைக்கு அனுப்பும். கூடவே சினை ஊசி, மருத்துவ உதவி, தடுப்பூசி, பயிற்சி ஆகியவையும் வந்தன. 1983இல் தொடங்கிய பள்ளிப் பால் திட்டம், பாலுக்கு ஒரு நிலையான தேவையை உண்டாக்கியது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1948 முதல் ஈப்போவில் இயங்கிவரும் கால்நடை ஆய்வுக் கழகம், கால்நடை நோய்களை ஆராய்ந்து தடுப்பு மருந்துகளையும் தயாரிக்கிறது. மாடுகளை ஓரிரு நாளில் சாய்த்துவிடும் 'தொண்டை அடைப்பான்' நோய்க்கான தடுப்பூசி அவற்றில் ஒன்று.

மானியம் என்றவுடன் கையில் கொடுக்கும் பணம் மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது நான்கு வழிகளில் வரலாம். ஒன்று, தொடக்க உதவி: பசு, கொட்டகை, கறவை இயந்திரம். இரண்டு, இடுபொருள் உதவி: தீவனம், புல் கரணை, தாது உப்பு. மூன்று, விலை உதவி: விற்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் கூடுதல் தொகை. நான்கு, சேவை உதவி: மருத்துவர், சினை ஊசி, குளிரூட்டும் நிலையம். இந்த நான்கில் எது பசுவின் மடி வரை போய்ச் சேரும்? அதற்குப் பசுவைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பசுவுக்கு வியர்க்கும் இரவு

கறுப்பு வெள்ளை நிற ஃபிரீசியன் பசுவைப் பால் பெட்டிகளின் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் தாயகம் நெதர்லாந்தும் வடக்கு ஜெர்மனியும். குளிர்நாட்டில் நல்ல பராமரிப்பில் அது நாளொன்றுக்கு 25 லிட்டருக்கு மேலும் கறக்கும். அதையே ஈப்போவுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்?

பசுவின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையான அசையூண் இரைப்பை, 100 லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடிய ஒரு நொதிக்கலம். அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லின் நார்ப்பொருளைச் சிதைத்து அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. பசு வாழ்வதும் பால் சுரப்பதும் பெரும்பாலும் இந்த அமிலங்களைக் கொண்டுதான். ஆனால் நொதித்தல் வெப்பத்தையும் உண்டாக்கும். வயிற்றில் அடுப்பு எரிகிறது, வெளியே வெயிலும் எரிகிறது.

இதை அளக்க விஞ்ஞானிகள் 'வெப்ப ஈரப்பதக் குறியீடு' என்ற ஒரு கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். 'வெ' என்பது செல்சியஸில் வெப்பநிலை, 'ஈ' என்பது விழுக்காட்டில் காற்றின் ஈரப்பதம் என்று கொள்ளுங்கள்.

குறியீடு = (1.8 × வெ + 32) − (0.55 − 0.0055 × ஈ) × (1.8 × வெ − 26)

குறியீடு 72ஐத் தாண்டினால் நிறையப் பால் கறக்கும் பசு வெப்பத்தால் வாடத் தொடங்கும் என்பது பொதுவான அளவுகோல். ஈப்போவில் ஒரு சாதாரணப் பிற்பகலுக்கு 32 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் என்று எடுத்துக்கொள்வோம்.

(57.6 + 32) − (0.55 − 0.385) × (57.6 − 26) = 89.6 − 5.2 = 84.4

நமக்கு இதில் வியப்பில்லை. இப்போது விடியற்காலை 4 மணியைப் பாருங்கள். 24 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு. நீங்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் நேரம்.

(43.2 + 32) − (0.55 − 0.5225) × (43.2 − 26) = 75.2 − 0.5 = 74.7

அப்போதும் 72க்கு மேல்தான்! காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வையும் மூச்சும் வழியே வெப்பம் வெளியேறுவது கடினமாகிறது. பகலில் வாடிய பசுவுக்கு இரவிலும் ஓய்வில்லை. அது தீனியைக் குறைத்துக்கொள்கிறது, மூச்சிரைக்கிறது, பால் குறைகிறது. பருவத்துக்கு வருவதும் வெளியே தெரியாமல் போகிறது. சினை பிடிக்காத பசு கன்று ஈனாது, கன்று ஈனாத பசு பால் தராது. அதே கணக்கைக் கேமரன் மலைக்குப் போட்டுப் பாருங்கள். 18 டிகிரி, 90 விழுக்காடு என்றால் குறியீடு 64தான் வரும்.

பாதிப் பாதி

இதற்கு மரபியல் ஒரு வழி காட்டியது. பஞ்சாப் பகுதியைச் சேர்ந்த சாஹிவால் இன மாடு, திமில் உடையது, வெயிலையும் உண்ணியையும் தாங்கும். சாஹிவாலையும் ஃபிரீசியனையும் கலந்தால் பாலும் தாங்குதிறனும் ஓரளவு சேர்ந்து கிடைக்கும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருந்து இத்தகைய கலப்பின மாடுகளை மலேசியா வரவழைத்தது. அவற்றிலிருந்து உருவாக்கிய இனத்துக்கு 'மாஃபிரிவால்' என்று பெயர்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கலப்பினத்தின் முதல் தலைமுறையில் ஒவ்வோர் இனத்தின் மரபணுவும் 50 விழுக்காடு. பால் கூட வேண்டும் என்ற ஆசையில் அந்தப் பசுவுக்கு மறுபடியும் ஃபிரீசியன் சினை ஊசி போட்டால், கன்றில் ஃபிரீசியன் பங்கு 75 விழுக்காடு. அடுத்த தலைமுறையில் 87.5. பால் கறக்கும் திறன் ஏறும், வெயில் தாங்கும் திறன் இறங்கும். ஆகவே எந்தப் பசுவுக்கு எந்தக் காளையின் ஊசி என்பதை எழுதி வைத்துக் கண்காணிக்க ஆள் வேண்டும். இலவச ஊசி மட்டும் போதாது, பதிவேடும் வேண்டும்.

இலங்கை கற்ற பாடம்

இதை மறந்தால் என்ன நடக்கும்? இலங்கை அரசாங்கம் ஆஸ்திரேலியாவிலிருந்து 20,000 கறவைப் பசுக்களை வாங்கிச் சலுகை விலையில் பண்ணையாளர்களுக்குக் கொடுக்கத் திட்டமிட்டது. 2017இல் முதல் 5,000 பசுக்கள் வந்திறங்கின. எதிர்பார்த்த பால் கிடைக்கவில்லை. பல பசுக்கள் நோயுற்றன, பல இறந்தன. கடன் வாங்கிப் பசு வாங்கியவர்கள் கடனாளிகளாக நின்றார்கள். பசு வருவதற்கு முன்பே கொட்டகையும் புல்லும் பயிற்சியும் தயாராக இருந்திருக்க வேண்டும். மானியம் பசுவோடு நின்றுவிட்டது.

போய்த் திரும்பும் பிண்ணாக்கு

பால் உற்பத்தியில் பெரிய செலவு தீவனம். மலேசியாவில் செம்பனைக் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கு ஏராளமாகக் கிடைக்கிறது. அதில் புரதமும் நாரும் உண்டு. அதைப் பெருமளவில் வாங்கும் நாடு எது தெரியுமா? நியூசிலாந்து. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து கப்பலில் போகும் பிண்ணாக்கை அங்குள்ள பசுக்கள் தின்கின்றன. அங்கிருந்து பால் மாவு நமக்குக் கப்பலேறி வருகிறது.

பிண்ணாக்கு மட்டும் கொடுத்தால் பசுவின் வயிறு ஒத்துழைக்காது. நல்ல புல்லும் வேண்டும். நேப்பியர் புல்லை இளசாக வெட்டினால் சத்து அதிகம். முற்றவிட்டால் நார் கூடும், சத்து குறையும், செரிக்கும்போது வெப்பமும் கூடும். சிறு வளர்ப்பாளர்கள் சோயாப்பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையையும் வாங்கிப் போடுவார்கள். சோயா உணவுக்குப் பேர்போன ஈப்போவில் அது நல்ல யோசனைதான். ஆனால் சக்கையில் ஈரம் அதிகம், நம் வெயிலில் விரைவில் புளித்துப் போகும்.

நான்கு மணி நேரப் பந்தயம்

பால் மடியிலிருந்து வெளியே வந்தவுடன் ஒரு பந்தயம் தொடங்குகிறது. ஒரு மில்லி லிட்டரில் 1,000 பாக்டீரியா இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெயிலில் வைத்த பாலில் அவை அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பானால், நான்கு மணி நேரத்தில் எட்டு முறை இரட்டிக்கும். 2இன் அடுக்கு 8 என்பது 256. ஆக, 1,000 என்பது 2,56,000 ஆகிவிடும். 4 டிகிரிக்குக் குளிரவைத்தால் இந்த ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். ஐந்து மாடு வைத்திருப்பவரால் தனியாகக் குளிர்கலம் வாங்க முடியாது. ஐம்பது பேருக்கு ஒரு நிலையம் என்றால் முடியும். பால் சேகரிப்பு நிலையத்தின் அறிவியல் இதுதான்.

பாலின் தரத்தைச் சோதிக்கும் முறையும் சுவையானது. லாக்டோமீட்டரை மிதக்கவிட்டால் பாலின் அடர்த்தி தெரியும். தண்ணீர் கலந்திருந்தால் மிதவை தாழும். மெத்திலின் நீலச் சாயத்தைச் சில துளி கலந்து வெதுவெதுப்பாக வைத்தால், பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்னத் தின்ன நீலம் மறையும். நீலம் நீண்ட நேரம் நின்றால் பால் சுத்தம். தரத்திற்கேற்ப விலை கொடுக்கும்போது, கை கழுவுவதும் மடியைத் துடைப்பதும்கூட வருமானமாக மாறுகின்றன.

ஒரே பணம், இரண்டு கணக்கு

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஐந்து பசு, ஒவ்வொன்றும் நாளுக்கு 8 லிட்டர், மொத்தம் 40 லிட்டர். லிட்டருக்கு 20 சென் விலை உதவி என்றால் நாளுக்கு 8 ரிங்கிட். 305 நாள் கறவைக் காலத்துக்கு 2,440 ரிங்கிட்.

அதே 2,440 ரிங்கிட்டில் மின்விசிறியும் நீர்த்தெளிப்பானும் போட்டு, பசுவுக்கு ஒரு லிட்டர் பால் கூடியது என்று கொள்வோம். 5 × 305 = 1,525 லிட்டர் கூடுதல். லிட்டர் 3 ரிங்கிட் என்றால் 4,575 ரிங்கிட். மின்கட்டணத்தையும் பழுதுச் செலவையும் அதில் கழிக்க வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டும் விசிறி சுற்றும்.

அப்படியானால் விலை உதவி வீணா? அவசரப்படாதீர்கள். தீவன விலை திடீரென்று ஏறும் மாதத்தில் விசிறியைத் தின்ன முடியாது. அன்று கைக்கு வரும் பணம்தான் பசுவை விற்காமல் காக்கும். தமிழ்நாட்டில் இரண்டு வகையும் நடந்திருக்கின்றன. 2011இல் ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 12,000 விலையில்லாக் கறவை மாடுகள் வழங்கும் திட்டம் தொடங்கியது. 2023 டிசம்பரில் ஆவினுக்குப் பால் ஊற்றுபவர்களுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. முதலாவது தொடங்கி வைக்க, இரண்டாவது தொடர வைக்க.

நியூசிலாந்து 1984இல் விவசாய மானியங்களை வெட்டத் தொடங்கியது. இன்று அது பால் பொருள் ஏற்றுமதியில் முன்னணி நாடு. 'நாமும் நிறுத்திவிடலாமே' என்று கேட்கத் தோன்றும். அவர்களுக்குக் குளிர்ந்த காற்றும் ஆண்டு முழுக்கப் புல்வெளியும் இருந்தன. மாறாக, ஐரோப்பாவில் விலை உதவியால் பால் தேவைக்கு மேல் பெருகி, வெண்ணெய் கிடங்கு கிடங்காகக் குவிந்தது. அதனால் 1984இல் ஒவ்வொரு நாட்டுக்கும் உற்பத்தி வரம்பு விதித்தார்கள். அது 2015 வரை நீடித்தது. ஒரு நாட்டின் மருந்தை அப்படியே இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க முடியாது.

பசுவின் நாட்காட்டியும் உரிமத்தின் நாட்காட்டியும்

கடைசியாக நில அலுவலகத்துக்கு வருவோம். இன்று ஒரு பசுவுக்குச் சினை ஊசி போட்டால், ஏறக்குறைய 280 நாளில் கன்று பிறக்கும். அது கிடேரியாக இருந்தால், வளர்ந்து, சினையாகி, முதல் பால் தர நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். ஊசி போட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் மூன்று ஆண்டுகளுக்கு மேல்.

பட்டண ஓரத்தில் மாடு வளர்க்கும் பல குடும்பங்களுக்குச் சொந்த நிலம் இல்லை. சிலரிடம் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக நில உரிமம் இருக்கும். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, அது வழங்கப்பட்ட ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்கு மேல் செல்லாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒரு கன்று பால் தருவதற்குள் உரிமம் மூன்று நான்கு முறை முடிந்துவிடும். அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர் சிமெண்டுத் தரை போடுவாரா? சாணத்தொட்டி கட்டுவாரா? பல ஆண்டு பலன் தரும் நேப்பியர் கரணையை நடுவாரா? வங்கிதான் கடன் தருமா?

அக்கம்பக்கத்தாரின் பக்கமும் நியாயம் உண்டு. சாணம் ஓடையில் கலந்தால் நாற்றம், ஈ, நோய். மாடு சாலையில் நடந்தால் விபத்து. ஆனால் சாணத்தை ஒழுங்காகச் சேர்த்து எருவாகவோ எரிவாயுவாகவோ மாற்ற நிலையான இடம் வேண்டும். நிலையான இடம் இல்லாததால் சுத்தம் இல்லை, சுத்தம் இல்லாததால் இடம் கொடுக்க யாருக்கும் மனமில்லை. இந்த வட்டத்தை ஒரு மூட்டைத் தீவனம் உடைக்காது. குடியிருப்புக்குத் தள்ளி, பத்து இருபது ஆண்டுக் குத்தகையில், தண்ணீரும் மின்சாரமும் உள்ள பொதுக் கால்நடை நிலம் இருந்தால்தான் விசிறி, ஊசி, புல், குளிர்கலம் எல்லாமே பயன் தரும். பணமாகக் கையில் வராத இந்த உதவிதான் மற்ற நான்கு உதவிகளுக்கும் தரை.

செய்து பாருங்கள்

1. பள்ளியில் வெப்பமானியும் ஈரப்பதமானியும் இருந்தால், காலை 7, நண்பகல் 12, மாலை 4 மணிக்கு அளவெடுத்து மேலே உள்ள கணக்கைப் போடுங்கள். ஒரு வாரம் செய்து வரைபடம் வரையுங்கள். மழை பெய்த நாளில் குறியீடு குறைகிறதா, கூடுகிறதா?

2. வீட்டில் உள்ள பால் பெட்டி, டின்பால், பால் மாவு ஆகியவற்றின் மேலட்டையைப் படியுங்கள். எது உள்ளூர்ப் பசும்பால், எது பால் மாவிலிருந்து செய்தது, எதில் செம்பனை எண்ணெய் கலந்திருக்கிறது என்று பட்டியலிடுங்கள்.

3. தோட்டத்தில் மாடு வளர்த்த தாத்தாவோ பாட்டியோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை லிட்டர் கறந்தது? என்ன தீனி போட்டீர்கள்? எப்போது, ஏன் மாட்டை விற்றீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களை வகுப்பில் ஒன்றாகச் சேர்த்து எண்ணுங்கள். நோயா, தீவன விலையா, நிலமா, வேலைக்கு ஆள் இல்லாததா? அதிகப் பேர் சொன்ன காரணத்தை மேலே சொன்ன நான்கு உதவிகளோடும் நிலத்தோடும் பொருத்திப் பாருங்கள். மானியம் எங்கே போயிருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.